யாரிடம் கேட்பது?



எங்கள் பங்கில் பழைய ஜீப் ஒன்று உண்டு. கிளைக்கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் செல்வது அதில்தான். நடக்க முடியாத முதியவர்களை ஞாயிறன்று கோவிலுக்கு அழைத்து வருவதும், இரவில் யாருக்காவது முடியாமல் போனால் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதில்தான். சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த நேரத்தில் அந்த ஜீப் சூடாகத் தொடங்கியது. பத்து கிலோமீட்டர் போவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக், என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எங்களையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. "ஹெட் கேஸ்கட் போயிருக்கிற மாதிரி தெரியுது ஃபாதர். என்ஜின் உள்ளே இருக்கிற புகை தண்ணிக்குள்ள கலக்குது. ஹெட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். 18,000 ரூபாய் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் தூரமா எடுக்காதீங்க" என்றார்.

எங்களுக்கு அந்தத் தொகைதான் காதில் விழுந்தது, குமிழி மறந்துபோயிற்று. இன்னொருவரிடம் போனோம். "ரேடியேட்டர் மூடி வீக் ஆயிடுச்சு, பிரஷர் நிக்கல. 600 ரூபாயில முடிஞ்சிடும்" என்றார் அவர். மூன்றாமவர், "ரேடியேட்டரே அடைச்சுப்போச்சு. எங்கிட்டயே பழசு ஒண்ணு நல்லா இருக்கு, 7,000 கொடுங்க, மாத்திடலாம்" என்றார்.

மூன்று பேர், மூன்று பதில். 'இவர்களில் யாரை நம்புவது?' என்று சலித்துக்கொண்டே, நாங்கள் 600 ரூபாயைத் தேர்ந்துகொண்டோம்.

பதினோரு ஆண்டுகளாக அந்த ஜீப்பை ஓட்டும் அண்ணன் அன்று அருகில்தான் நின்றார். "சாமி, தினமும் அரை லிட்டர் தண்ணி குறையுது. ஆனா கீழ ஒரு சொட்டுகூட ஒழுகல" என்று மெதுவாகச் சொன்னார். "பார்ப்போம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம்.

மூன்று வாரங்கள் வண்டி ஓடியது. ஓர் இரவு, மூச்சுத்திணறலில் தவித்த ஒரு பாட்டியம்மாவை ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு ஜீப் நின்றுவிட்டது. அந்த வழியே ஒரு குட்டியானை வண்டி வந்து எங்களை ஏற்றிக்கொள்ள நாற்பது நிமிடங்கள் ஆயின. இறையருளால் அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களும் அவருடைய மகன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த மௌனம் இன்னும் நம் காதில் இருக்கிறது.

கழட்டிப் பார்த்தபோது, முதல் மெக்கானிக் சொன்னதுதான் சரி. அதற்குள் சூட்டில் ஹெட்டும் வளைந்திருந்தது. 34,000 ரூபாய் ஆயிற்று.

அன்பானவர்களே, இரண்டாவது மெக்கானிக் பொய் சொன்னார் என்று நாம் சொல்ல முடியாது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் இருக்கும். அந்த மூடியும் பழையதுதான். தன் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். குறை எங்களிடம் இருந்தது. நாங்கள் இரண்டாவது கருத்தைத் தேடிப் போகவில்லை. குறைந்த விலையைத் தேடிப் போனோம்.

அரசர்கள் முதல் நூல் 12ஆம் அதிகாரத்தில் ரெகபெயாம் அரசன் இதைத்தான் செய்தான். மக்கள் வந்து, தங்கள் சுமையைக் குறைக்கும்படி கேட்டார்கள். முதியவர்கள், மக்களுக்குப் பணிந்து கனிவாகப் பேசச் சொன்னார்கள். அந்த ஆலோசனையைத் தள்ளிவிட்ட பிறகுதான், அவன் தன்னோடு வளர்ந்த இளைஞர்களிடம் போனான். அவர்கள், இன்னும் கடுமையாக இருக்கச் சொன்னார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரே பேச்சில் நாடு இரண்டாக உடைந்தது. அவன் இரு தரப்பையும் கேட்டான். ஆனால் எதையும் சீர்தூக்கிப் பார்க்கவில்லை.

நாமும் இப்படி அலைவதில்லையா? சொத்துத் தகராறில், 'தம்பிக்கு விட்டுக்கொடு' என்று சொல்லும் பெரியவரை விட்டுவிட்டு, 'விடாதே, ஒரு கை பார்' என்று சொல்பவரைத் தேடிப் போகிறோம். ஒரு குருவானவர் மனதுக்குக் கசப்பானதைச் சொன்னால், இனிப்பாகச் சொல்லும் இன்னொரு குருவானவரைத் தேடுகிறோம். மருத்துவர் குடியை விடச் சொன்னால், 'கொஞ்சமாக் குடிக்கலாம்' என்று சொல்லும் நண்பரை நம்புகிறோம்.

அப்படியானால் இன்னொருவரிடம் கேட்பதே தவறா? இல்லை. பெரிய செலவுக்கு முன்பும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் இன்னொருவரைக் கேட்பது விவேகம். எப்படிக் கேட்பது என்பதை, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த சீராக்கின் மகன் நமக்குக் கற்றுத் தருகிறார். சீராக்கின் ஞான நூல் 37ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

முதலாவது, ஆலோசனை சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று பார்க்கச் சொல்கிறார். விற்பதைப் பற்றி வாங்குபவரிடம் கேட்காதே, போரைப் பற்றிக் கோழையிடம் கேட்காதே என்கிறார். பழைய ரேடியேட்டரைக் கையில் வைத்திருப்பவருக்கு எல்லா வண்டியிலும் ரேடியேட்டர்தான் பழுதாகத் தெரியும்.

இரண்டாவது, இறைப்பற்று உள்ளவரிடம், நீ தவறி விழுந்தால் உன்னோடு சேர்ந்து வருந்துகிறவரிடம் கேள் என்கிறார். 'தூரமா எடுக்காதீங்க' என்று சொன்னவர் எங்களுக்காகக் கவலைப்பட்டார். காரணத்தையும் கண்ணெதிரே காட்டினார். தெரியாததைத் தெரியாது என்றும் ஒத்துக்கொண்டார். நம்பத்தக்கவரின் அடையாளம் இதுவே.

மூன்றாவது, உன் உள்ளத்தின் குரலையும் கேள் என்கிறார். கோபுரத்தின் மேல் அமர்ந்து காவல் காக்கும் ஏழு பேரைவிட அது அதிகம் சொல்லும் என்பது அவர் கருத்து. எங்கள் ஓட்டுநர் அண்ணனை நினைத்துப் பாருங்கள். வண்டியோடு தினமும் இருந்தவர் அவர். தண்ணீர் எங்கோ உள்ளே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னபோதும் நாங்கள் நிற்கவில்லை. நம் மனச்சான்றும் அப்படித்தான். கத்தாது, மெதுவாக ஒருமுறை சொல்லும். நாமோ, 'பார்ப்போம்' என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுகிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உன் வழியை உண்மையில் நடத்தும்படி உன்னத இறைவனிடம் மன்றாடு என்று அவர் முடிக்கிறார். முதல் மெக்கானிக்கிடம் போகும் முன்பும் நாங்கள் செபிக்கவில்லை. மூன்றாமவரிடமிருந்து திரும்பிய பின்பும் செபிக்கவில்லை. ஐந்து நிமிடம் நற்கருணைநாதர் முன் அமர்ந்திருந்தால் கேஸ்கட்டைப் பற்றி அவர் சொல்லியிருக்க மாட்டார். ஆனால், 'நீ உண்மையைத் தேடுகிறாயா, 600 ரூபாயைத் தேடுகிறாயா?' என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மெக்கானிக் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே நூலின் 38ஆம் அதிகாரம் கொல்லரையும் குயவரையும் போற்றுகிறது. கைவினைஞர் இல்லாமல் எந்த நகரிலும் மக்கள் குடியிருக்க முடியாது என்கிறது. உங்கள் உண்மையான ஒரு சொல்லில் ஓர் உயிர் இருக்கலாம்.

இந்த வாரம் நம்மில் யாருக்காவது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறதா? பலரைக் கேளுங்கள். ஆனால் முதலில், நமக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பதை இறைவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். பிறகு, பிடிக்காத பதிலை இன்னொருமுறை நிதானமாகக் கேட்போம்.

உண்மையின் ஆவியார் நம் அனைவரையும் வழிநடத்துவாராக. ஆமென்.