கிலோ என்ன விலை? தென்காசி கடைத்தெருவுல ஒரு மளிகைக் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட்ல மியூச்சுவல் ஃபண்ட் கிடையாது, கிரெடிட் கார்டு கிடையாது. துவரம்பருப்பு, ரவை, எண்ணெய், அரிசி. சம்பளம் வந்ததும் இஎம்ஐ, வாடகை எல்லாம் போயிடும். அதை நம்மால குறைக்க முடியாது. மாசா மாசம் நாமளே முடிவு பண்ணிச் செலவழிக்குற பெரிய தொகைன்னு பார்த்தா மளிகைதான். அதுல ஒரே ஒரு கேள்வியைச் சரியா கேட்கப் பழகிட்டா போதும்: "இது கிலோ என்ன விலைக்கு விழுது?"

நான் இப்ப தென்காசியில இருந்து பேசுறேன். இந்தக் கணக்கைப் பழக இதைவிட நல்ல ஊர் கிடையாதுன்னு சொல்வேன். அண்ணாச்சி மளிகைக் கடை இருக்கு, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் இருக்கு, உழவர் சந்தை இருக்கு. கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட். மேற்கே அஞ்சாறு கிலோமீட்டர்ல குற்றாலம். ஒரே பொருளை ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு அளவுல விக்கிறாங்க. எங்கயாவது 200 கிராம், எங்கயாவது கூறு, எங்கயாவது மூட்டை. எல்லாத்தையும் கிலோவுக்கு மாத்தினாத்தான் எது மலிவுன்னு தெரியும்.

எபிசோட்ல நான் சொல்ற விலை எல்லாம் கணக்குப் புரியுறதுக்கான உதாரணம் மட்டும்தான். நிஜ விலை நீங்க இதைக் கேட்குறதுக்குள்ள மாறியிருக்கும்.

பாக்கெட்ல ஏற்கனவே எழுதியிருக்கே!

ஆமா, எழுதியிருக்கு. நிறைய பேர் கவனிக்கிறதில்ல. எம்ஆர்பிக்குப் பக்கத்துல பொடி எழுத்துல கிராமுக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரு எண் இருக்கும். பேக்கேஜ் பண்ணின பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-ல வந்துச்சு. அதுல 2021-ல ஒரு திருத்தம் அறிவிச்சாங்க. அந்தத் திருத்தம் ரெண்டு வேலை பண்ணுச்சு. பிஸ்கட், பருப்பு, எண்ணெய், டீத்தூள் மாதிரி பொருட்களை இன்ன இன்ன அளவுலதான் பாக்கெட் போடணும்னு இருந்த பட்டியலை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா யூனிட் விலையை அச்சடிக்கணும்னு சொன்னாங்க.

முன்னாடி ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்துல இன்னொரு லிட்டர் பாக்கெட் இருக்கும், விலையை மட்டும் பார்த்தாப் போதும். இப்ப 850 மில்லி, 870 கிராம்னு என்ன அளவுல வேணும்னாலும் வரலாம். பாக்கெட் சைஸ் பார்வைக்கு ஒண்ணா இருக்கும், உள்ள இருக்குறது வேற. அதனால யூனிட் விலையைப் படிக்கத் தெரியலைன்னா நஷ்டம் நமக்குத்தான்.

ஆனா அந்தப் பொடி எழுத்தை அப்படியே நம்பிடாதீங்க. அதுல மூணு சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல்: ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்ல கிராமுக்கு விலை போடுவாங்க. ஒரு கிலோவுக்கு மேல இருந்தா கிலோவுக்கு விலை. 500 கிராம் பாக்கெட்ல 0.18, 2 கிலோ பாக்கெட்ல 172.00. அவசரத்துல பார்க்குறவங்களுக்கு ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால பெருக்கணும்.

ரெண்டாவது சிக்கல்தான் முக்கியம். விலையை ரெண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் பண்ணிடுவாங்க. இப்ப ரெண்டு ரவை பாக்கெட்டை எடுத்துக்குவோம். ரெண்டுமே 500 கிராம். ஒண்ணு 28 ரூபா, இன்னொண்ணு 32 ரூபா. முதல்ல இருக்குறது கிராமுக்கு 0.056, அடுத்தது 0.064. ரவுண்ட் பண்ணினா ரெண்டுமே 0.06! கிலோவுக்கு 56 ரூபாயும் 64 ரூபாயும் அச்சுல ஒரே விலை ஆயிடுச்சு. கிராமுக்கு ஒரு பைசான்னா கிலோவுக்குப் பத்து ரூபா. அதனால ரவை, மைதா, அவல் மாதிரி விலை குறைஞ்ச பொருள்ல அந்த எண்ணால நமக்குப் பெரிய பிரயோஜனம் இல்ல. முந்திரி, ஏலக்காய், காபித்தூள் மாதிரி விலை கூடின பொருள்ல நல்லாவே உதவும்.

மூணாவது, அந்த யூனிட் விலை எம்ஆர்பியை வச்சுப் போட்டது. கடைக்காரர் எம்ஆர்பியைவிடக் குறைச்சுக் கொடுத்தா அந்த எண்ணுக்கு வேலையே இல்ல. நீங்க கொடுக்குற விலையை வச்சு நீங்களே போடணும்.

ஆஸ்திரேலியாவுல பெரிய மளிகைக் கடைகள் 2009 டிசம்பர்ல இருந்து அலமாரி ஓரத்துல இருக்குற விலைச் சீட்டுலயே யூனிட் விலையைக் காட்டணும். அதாவது கடை விக்கிற விலைக்கு. நம்ம ஊர்ல அது பாக்கெட்டோட நின்னு போச்சு. மிச்சத்தை நாமதான் பார்த்துக்கணும்.

மனக்கணக்கு

போன்ல கால்குலேட்டர் இருக்கு. விலையைக் கிராமால வகுத்து ஆயிரத்தால பெருக்கினா கிலோ விலை. போனை எடுக்கச் சோம்பலா இருந்தா இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 200 கிராம்னா விலையை அஞ்சால பெருக்கு. 250 கிராம்னா நாலால. 400 கிராம்னா ரெண்டரையால. 750 கிராம்னா விலையில மூணுல ஒரு பங்கை அது கூடவே சேர்த்துக்கோ, கிலோ விலை வந்துடும்.

எண்ணெய்க்கு மட்டும் ஒரு படி கூடுதல். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்ல. சுமார் 910 கிராம்தான் வரும். செக்குல கிலோ கணக்குல தருவாங்க, பாக்கெட்ல லிட்டர் கணக்கு. லிட்டர் 182 ரூபா, கிலோ 195 ரூபான்னு ரெண்டு விலை இருக்குன்னு வைங்க. 182தான் மலிவுன்னு கை போகும். 182-ஐ 0.91-ஆல வகுத்துப் பாருங்க, கிலோ 200 ரூபா. 195 ரூபாதான் மலிவு.

அரிசி மூட்டையையும் பாருங்க. 2022 ஜூலை 18-ல இருந்து லேபிள் ஒட்டி பேக் பண்ணின அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. 25 கிலோ வரைக்குமான மூட்டைக்குத்தான் அது. அதுக்கு மேல போனா கிடையாது. அதனாலதான் திடீர்னு 26 கிலோ மூட்டை கடைக்கு வந்துச்சு. 25 கிலோ 1500 ரூபா, 26 கிலோ 1534 ரூபான்னு பக்கத்துல பக்கத்துல இருந்தா ரெண்டாவதுதான் விலை கூடின மாதிரி தெரியும். கிலோவுக்குப் போட்டா 60, 59.

பெருசு எப்பவும் மலிவா?

இல்ல. இதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே உதாரணம் இருக்கு. 1983-ல கடலூர்ல சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவைச் சாஷேல போட்டு வித்தார். அதுக்கப்புறம் சாஷே போட்டியில பல கம்பெனிகளும் இறங்கிச்சு. இன்னைக்கும் பல ஷாம்பு பிராண்டுல சாஷேதான் மில்லிக்கு மலிவு, பாட்டில் இல்ல. 2 ரூபா சாஷேல 6 மில்லி இருந்தா மில்லி 33 பைசா. 180 மில்லி பாட்டில் 150 ரூபான்னா மில்லி 83 பைசா. சாஷேல யூனிட் விலையைத் தேடாதீங்க, 10 மில்லி, 10 கிராம் வரைக்கும் உள்ள பாக்கெட்டுக்கு அந்த விதியில விலக்கு. நீங்களே வகுக்கணும்.

ஆனா கிழிச்சுப் போட்ட சாஷே எங்க போகுதுங்குறது எந்த யூனிட் விலையிலயும் வராது. குற்றாலம் அருவியில சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கத் தடை இருக்குறதே அதுக்குப் போதுமான பதில்.

குற்றாலத்துல கூறு

ஜூன், ஜூலைல சாரல் ஆரம்பிச்சா குற்றாலத்துல ரம்புட்டான், மங்குஸ்தான் வந்துடும். சீசன் கடையில பேச்சு இப்படித்தான் போகும்.

"அக்கா, கிலோ எவ்வளவு?"

"கூறு நூறு தம்பி. பாத்து எடுத்துக்கோ."

"எடை போட்டுத் தர்றீங்களா?"

"போடுறேன், அதுக்கென்ன."

கூறுங்குறது ஏமாத்து வேலை இல்ல. பேரம் பேச, சீக்கிரம் வித்துட்டுப் போக வசதியான ஒரு அளவு. ஆனா அடுத்த கடையில கூறு எண்பதுன்னா அது மலிவான்னு எடை போடாம சொல்ல முடியாது. எடை போட்டாலும் இன்னொண்ணு இருக்கு. மங்குஸ்தான்ல எடையில பாதிக்கு மேல தோல்தான். தின்ன முடியுற பங்குக்கு என்ன விலைன்னு பார்த்தா, பக்கத்துல இருக்குற வாழைப்பழத்தோட ஒப்பிடவே முடியாது. தப்பில்ல, குற்றாலம் வந்து மங்குஸ்தான் தின்னாம போறதா? எவ்வளவு கொடுக்குறோம்னு தெரிஞ்சு கொடுத்தா சரி.

மிளகு, ஏலக்காய் வாங்குறவங்களுக்கும் இதேதான். 25 கிராம் நூறு ரூபான்னா சின்னதா தெரியும். கிலோ நாலாயிரம். அந்த எண்ணை வச்சுக்கிட்டு டவுன் மளிகைக் கடையில இருக்குற அதே தரத்தோட ஒப்பிடுங்க. தரம் வேறன்னா ஒப்பிடுறதுல அர்த்தம் இல்ல.

கடை கடையா அலையலாமா?

இங்கதான் நிறைய பேர் கணக்கைப் பாதியில விட்டுடுறாங்க. பாவூர்சத்திரத்துல தக்காளி கிலோவுக்கு 8 ரூபா கம்மின்னு வைப்போம். தென்காசியில இருந்து பைக்ல போய்வர பெட்ரோல் ஒரு 48 ரூபா. 48-ஐ 8-ஆல வகுத்தா 6. ஆறு கிலோவுக்கு மேல வாங்கினாத்தான் லாபமே ஆரம்பிக்குது. போற செலவை, கிலோவுக்கு மிச்சமாகுற பணத்தால வகுக்கணும். அவ்வளவுதான் சூத்திரம். டெலிவரி ஆப்ல வர்ற கட்டணத்துக்கும் இதே கணக்குதான்.

சரி, ஆறு கிலோ வாங்கியாச்சு. ரெண்டு பேர் இருக்குற வீட்டுல அது அழுகாம தீருமா? கிலோ 20 ரூபான்னு 5 கிலோ வாங்கி 2 கிலோவைக் குப்பையில போட்டா, சமைச்சது 3 கிலோ, விலை நூறு. கிலோ 33 ரூபா ஆச்சு. அதுக்கு உழவர் சந்தையில அன்னைக்கு எழுதிப் போட்டிருக்குற விலைக்கு ஒரு கிலோ வாங்கியிருந்தாலே போதும். இல்லைன்னா மூணு வீடு சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கணும். சென்னை, பெங்களூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்குறவங்களுக்கு இது ரொம்பச் சுலபம்.

எல்லா ஒப்பீட்டுக்கும் முன்னாடி ரேஷன் கடையைப் பாருங்க. துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. வெளியில எந்த ஆஃபரும் இதுக்குப் பக்கத்துல வராது. கார்டு இருந்தும் வாங்காம விடுறவங்க அடுத்த கடையில பத்து ரூபா மிச்சம் பிடிக்க ஆப் ஆப்பா தேடுறது வேடிக்கை.

அண்ணாச்சி கடை விலை

கடைசியா ஒண்ணு. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற பெண்கள் ஆயிரக்கணக்குல இருக்காங்க. கையில வாரக் கூலி வர்ற வீட்டுல 26 கிலோ மூட்டைக்கு மொத்தமா 1500 ரூபாயை எப்படி எடுத்து வைக்க முடியும்? அவங்க ரெண்டு கிலோ அரிசி, நூறு மில்லி எண்ணெய்னு வாங்குவாங்க. கிலோ விலை போட்டா அவங்கதான் நம்மைவிடக் கூடுதலா கொடுக்குறாங்க. கணக்குத் தெரியாம இல்ல. அந்தக் கணக்கு அவங்களுக்கு நம்மைவிட நல்லாவே தெரியும். மொத்தமா வாங்கக் கையில காசு இல்ல.

அண்ணாச்சி கிலோவுக்கு மூணு ரூபா கூட வச்சு வித்தாலும், பற்று நோட்டுல எழுதிக்கிட்டு அடுத்த வாரம் வாங்கிக்குறார். அந்த மூணு ரூபாயில கடனுக்கான விலையும் இருக்கு. வீட்டுல வேலை பறிபோன மாசம் சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டர்ல நோட்டு கிடையாது. அதனால "அண்ணாச்சி கடை கொள்ளை விலை"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த விலையில என்னென்ன சேர்ந்திருக்குன்னு பாருங்க. உங்களுக்குக் கடன் தேவை இல்லைன்னா, ரொக்கம் கொடுத்து "அண்ணாச்சி, ரொக்கத்துக்கு என்ன விலை?"ன்னு கேளுங்க. குறைச்சுத் தர வாய்ப்பிருக்கு.

உங்க கையில மொத்தமா வாங்கக் காசு இருக்குன்னா அது ஒரு வசதி. அதைப் பயன்படுத்துங்க. ஊர்ல இருக்குற அம்மாவுக்கோ, வாரக் கூலி வாங்குற அத்தைக்கோ மாசத் தொடக்கத்துல ஒரு மூட்டை அரிசி, அஞ்சு லிட்டர் எண்ணெய் இறக்கிக் கொடுத்தா, பணமா அனுப்புற அதே தொகை இன்னும் கொஞ்ச நாள் கூட வரும்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. உங்க வீட்டுல அதிகம் தீருற அஞ்சு பொருளை எடுத்துக்கோங்க. அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காபித்தூள், எதுவா இருந்தாலும் சரி. மூணு கடையில கிலோ விலையைப் போன்ல குறிச்சு வைங்க. அம்பது பொருளுக்கு வேண்டாம், அஞ்சு போதும். எம்ஆர்பிக்கு மேல யாராவது கேட்டா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அதையும் சேர்த்துக் குறிச்சுக்கோங்க.

உங்க அஞ்சு பொருள் கணக்கு என்ன வந்துச்சுன்னு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.