பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை: ஒரு கிறிஸ்தவத் தந்தையின் நோக்கு



ஒரு நாள் மாலை, நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் படிப்பது அரசாங்கப் பள்ளிக்கூடம். காலையில் மாணவர்கள் ஒன்று கூடி ஒரு பிரார்த்தனை சொல்லுகிறார்கள். அது எங்கள் வீட்டில் சொல்லும் ஜெபம் அன்று. “எல்லாரும் கை கூப்பிக் கண்ணை மூடுகிறார்கள். நானும் சொல்லலாமா, அப்பா?” என்றாள். அலுவலகத்தில் நாள்தோறும் கடினமான வாக்கியங்களை மொழிபெயர்ப்பவன் நான். இந்த எளிய வாக்கியத்துக்கு உடனே விடை கூற இயலாமல் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

இதே கேள்வியை மிக விரிவாக ஆராய்ந்த நாடு அமெரிக்கா. அங்கே ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் மக்களின் வரிப் பணத்தில் நடைபெறும் பொதுப் பள்ளிக்கூடம் என்று பொருள். 1951-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக் குழுவினர் இருபத்திரண்டே சொற்கள் கொண்ட ஒரு பிரார்த்தனையை இயற்றிப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தனர். எந்த மதப் பிரிவினரும் குறை கூற முடியாதபடி அதை அமைத்ததாக அவர்கள் எண்ணினர். விருப்பமில்லாத குழந்தை வாய் திறவாமல் இருக்கலாம் என்ற விலக்கும் இருந்தது. எனினும், நியூ ஹைடு பார்க் என்னும் ஊரின் சில பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தனர். 1962 ஜூன் 25-ஆம் நாள், அரசாங்கம் பிரார்த்தனையை இயற்றிப் பள்ளியில் சொல்லச் செய்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக், தம் ஊரிலே பாப்டிஸ்டுத் திருச்சபையின் ஞாயிறு பள்ளியில் பல்லாண்டுகள் போதித்தவர். பிரார்த்தனையின்பால் அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. மக்கள் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலை அன்று என்பதே அவர் கருத்தின் சாரம். அடுத்த ஆண்டு, பெனிசில்வேனியாவில் நாள்தோறும் விவிலியத்தினின்று பத்து வசனங்கள் வாசிக்கப்பட வேண்டும் என்றிருந்த சட்டமும் செல்லாததாயிற்று.

கிறிஸ்தவப் பெற்றோர் பலர் மனம் நொந்தனர். கடவுளையே பள்ளியை விட்டு வெளியேற்றி விட்டார்களே என்று வருந்தினர். அந்த வருத்தத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். காலையில் ஒரு நிமிடம் தலை வணங்கும் பழக்கம் குழந்தையின் மனத்தைப் பண்படுத்தும் என்பதை என் அனுபவத்திலே அறிவேன். ஆயினும் அதே நாட்டில் பாப்டிஸ்டுகள் உள்ளிட்ட திருச்சபைத் தலைவர்கள் பலர், பள்ளிப் பிரார்த்தனையை மீட்பதற்காகக் கொண்டு வரப்பட்ட அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்து 1964-இல் சாட்சியம் அளித்தார்கள். அது நிறைவேறவில்லை.

விசுவாசிகளே ஏன் எதிர்த்தார்கள்? அவர்களுடைய வரலாறே அதற்கு விடை கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் வாசிக்கப்பட்டது பெரும்பாலும் புரொட்டஸ்டன்டுகளின் விவிலியம். தங்கள் குழந்தைகள் தங்களுக்குரிய மொழிபெயர்ப்பை வாசிக்கட்டும் என்று கத்தோலிக்க ஆயர் கேட்டதையொட்டி மூண்ட பூசல், 1844-இல் பிலடெல்பியா நகரில் கலகமாக வெடித்தது. உயிர்ச் சேதம் நேர்ந்தது, ஆலயங்கள் எரிந்தன. 1859-இல் பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில், பத்துக் கட்டளைகளைப் புரொட்டஸ்டன்டு முறைப்படி ஒப்பிக்க மறுத்த ஒரு கத்தோலிக்கச் சிறுவன் பிரம்படி பட்டான். அடித்தவரும் கிறிஸ்தவர், அடிபட்டவனும் கிறிஸ்தவன். 1890-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளியில் விவிலியம் வாசிப்பதை எதிர்த்து வழக்காடி வென்றவர்களும் கத்தோலிக்கப் பெற்றோர்களே.

இதை நம் மொழியிலேயே எண்ணிப் பாருங்கள். புரொட்டஸ்டன்டுத் தமிழர் ‘ஜெபம்’ என்பர். கத்தோலிக்கத் தமிழர் ‘செபம்’ என எழுதுவர். இயேசு பெருமான் கற்பித்த ஒரே பிரார்த்தனையை இரு சாராரும் வெவ்வேறு சொற்களில் சொல்லுகிறார்கள். ஒரு சாரார் அதன் இறுதியில் சேர்த்துச் சொல்லும் புகழுரையை மற்றவர் அங்கே சேர்ப்பதில்லை. ஓர் அரசாங்கம் இதைப் பள்ளியில் வைக்க முற்பட்டால் எந்தச் சொல்லை எடுக்கும், எதை விடும்? யாருக்கும் மனம் நோகாதபடி எல்லாவற்றையும் நீக்கிக் கொண்டே போனால் எஞ்சுவது இருபத்திரண்டு சொற்கள். அதிலே உயிர் இருக்குமா என்று மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஐயுறுகிறேன்.

“விருப்பமில்லாதவர்கள் விலகி நிற்கலாமே?” என்று சிலர் கேட்கலாம். பெனிசில்வேனியா வழக்கில் ஒரு தந்தை இதற்கு விடை அளித்தார். வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நிற்பது தவறு செய்த பிள்ளைக்குரிய தண்டனை. தம் குழந்தைகள் அங்கே நின்றால் காண்போர் அவர்களைக் குற்றவாளிகள் என்றே எண்ணுவர் என்று சாட்சியம் சொன்னார். ஏட்டிலே விலக்கு எளிது. ஆனால் பத்து வயதுக் குழந்தைக்குத் தன் தோழர்களிடமிருந்து பிரிந்து நிற்பது எளிதன்று.

இத்தீர்ப்புகள் மாணவன் தானாக வணங்குவதைத் தடுக்கவில்லை. தேர்வுத் தாளைத் திறக்கும் முன் ஒரு மாணவி மனத்துள் வேண்டிக் கொள்வதை எந்த நீதிமன்றமும் தடுத்ததில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தாமாகவே கூடும் சமயக் குழுக்களுக்கு, மற்றக் குழுக்களுக்கு உள்ள இடம் உண்டு என 1990-இல் அந்நீதிமன்றமே கூறியது. 2022-இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு வேண்டிய ஒரு பயிற்சியாளரின் உரிமையைப் பெரும்பான்மை நீதிபதிகள் காத்தார்கள். அவருடைய தனிப்பட்ட வணக்கம் மாணவர்களின் மீது கட்டாயமாகி விடாதா என மாறுபட்ட நீதிபதிகள் கேட்டார்கள். எல்லைக் கோடு எங்கே என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவும் இந்தக் கோட்டையே வரைகிறது. முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவர் எவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்து கொள்ளும்படி செய்யலாகாது.

இங்கேதான் என் மனச்சாட்சி என்னை நிறுத்தியது. நான் படித்தது உதவிப் பணம் பெறும் ஒரு மிஷன் பள்ளி. காலைதோறும் பரமண்டல ஜெபம் சொல்லுவோம். எனக்கு அடுத்து நின்றவன் ஒரு முஸ்லிம் நண்பன். அவனும் எங்களோடு அதை ஒப்பிப்பான். அவன் தந்தையிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? எனக்குத் தெரிந்து, கேட்கவில்லை. அவன் மனத்தில் என்ன இருந்தது என்று நானும் கேட்டதில்லை. என் மகள் வந்து கேட்ட பிறகே, முப்பது ஆண்டுகளுக்கு முன் என் பக்கத்தில் நின்ற அந்தச் சிறுவனை நினைத்தேன். பிறர் உங்களுக்கு எதைச் செய்ய வேண்டுமென விரும்புகிறீர்களோ அதையே நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள் என்பது எங்கள் வேதத்தின் போதனை. என் குழந்தைக்காக நான் கேட்கும் உரிமையை, என் சமயத்தார் நடத்தும் பள்ளியில் பிறர் குழந்தைக்குத் தராவிட்டால் நான் அந்தப் போதனையைக் கற்றவன் ஆகேன்.

மகளுக்கு நான் கூறிய விடை இதுதான்: “கண்ணே, எல்லாரும் எழுந்து நிற்கும்போது நீயும் மரியாதையோடு நில். உன் தோழிகள் வணங்குவதைக் கேலி செய்யாதே. உன் மனம் ஒப்பாத சொற்களை உதட்டால் மட்டும் சொல்லாதே. உனக்குரிய ஜெபத்தை மனத்துள் சொல்லிக் கொள்.” இதற்கு நம் நாட்டிலே ஒரு முன்மாதிரியும் உண்டு. தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்று, சமய நம்பிக்கையினால் பாடாமல் இருந்த கேரளத்துக் குழந்தைகள் மூவரைப் பள்ளி நீக்கியது. 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக் கொள்ளும்படி பணித்தது. கீதம் வேறு, பிரார்த்தனை வேறு. எனினும், மௌனமாக மரியாதை காட்டும் குழந்தை யாரையும் அவமதிக்கவில்லை என்ற உண்மை இரண்டுக்கும் பொருந்தும்.

பெற்றோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பள்ளி என் குழந்தைக்கு ஜெபிக்கக் கற்றுத் தரவில்லையே என்று குறை கூறுமுன், வீட்டில் நான் அவளோடு முழந்தாளிடுகிறேனா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு வேண்டும்படி சொன்னவரைப் பின்பற்றும் எனக்கு, அந்த அறை என் வீட்டிலேயே இருக்கிறது. அன்றிரவு நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். முடிந்ததும் அவள், “உங்கள் பள்ளி நண்பருக்காகவும் வேண்டிக்கொள்ளலாமா, அப்பா?” என்றாள். இம்முறை விடை சொல்ல நான் தடுமாறவில்லை.