கோவையைத் தாங்கும் ஊர்கள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் காப்பியம் ஒன்றையோ சான்றோர் ஒருவரையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். அமைப்பாளர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அந்தத் துணிச்சலில் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களை எடுத்துக்கொண்டேன். இந்த அரங்கில் இருப்போரில் பாதிப்பேராவது இன்று காலை அன்னூரிலோ சூலூரிலோ கிணத்துக்கடவிலோ பஸ் ஏறி வந்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் ஊரைப் பற்றி உங்களிடமே பேசுவதால் தவறு இருந்தால் உடனே பிடித்துவிடுவீர்கள். அந்த அச்சமும் எனக்கு உண்டு.

நகரம் வளர்ந்து பக்கத்து ஊர்களை விழுங்கிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். கோவையின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பேச்சு பொருந்தவில்லை. இங்கே ஊர்கள் கூடித்தான் நகரத்தை ஆக்கின. அப்படி ஆக்கிய ஊர்களுக்கு நகரத்தின் போக்கைத் தீர்மானிப்பதில் பங்கு இல்லை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

பழமையிலிருந்து தொடங்குவோம். பேரூரும் வெள்ளலூரும் நொய்யலை ஒட்டியவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் வணிகம் நடந்த காலத்தில் வெள்ளலூர் முக்கியமான இடமாக இருந்தது. 1842இல் அங்கே ரோமானியக் காசுப் புதையல் கிடைத்தது, பின்னரும் கிடைத்தது. அதே நொய்யலின் கீழ்ப்பகுதியில் கொடுமணல் இருக்கிறது, மணியும் இரும்பும் செய்த ஊர். கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகராக உயர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நகராட்சி ஆனது 1866இல். ரயில்கூட முதலில் நகரத்துக்கு வரவில்லை. சென்னையிலிருந்து பேப்பூர் சென்ற பாதை 1862இல் போத்தனூர் வழியாகப் போய்விட்டது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் போட்ட கிளைப்பாதைதான் கோவைக்கு ரயிலைக் கொண்டுவந்தது. பதினோரு ஆண்டு காலம் கோயம்புத்தூர்க்காரர் ரயிலேற வேண்டுமென்றால் போத்தனூருக்குத்தான் வண்டி கட்ட வேண்டியிருந்தது. போத்தனூர்க்காரர்கள் இதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆலைகளின் கதைக்கு வருகிறேன். இங்கே சற்று நிற்க வேண்டும். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1930களில்தான் ஆலைகள் வரிசையாக எழுந்தன. எங்கே எழுந்தன என்று பாருங்கள்: பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், கணபதி. அன்று எல்லாமே ஊர்கள். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததுதான் காரணம் என்று எல்லாப் புத்தகங்களும் எழுதும். உண்மைதான். ஆனால் மின்சாரம் வந்த ஊரெல்லாம் மான்செஸ்டர் போல ஆலை நகரம் ஆகிவிடவில்லையே. கம்பி வருவதற்கு முன்பே இந்த ஊர்களில் மூன்று காரியங்கள் நடந்திருந்தன.

முதலாவது கிணறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி இது. பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டி, கவலை ஓட்டி நீர் இறைத்தால்தான் பண்ணையம். கடன்பட்டும் கிணறு வெட்டுவது இந்தப் பக்கத்துக் குடியானவரின் இயல்பு. அடுத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் நன்றாக விளைந்தது, நூல் நூற்கவும் ஏற்றதாக இருந்தது. அதே ஆண்டுகளில் வேளாண் கல்லூரியும் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. மூன்றாவது, அந்தப் பருத்தியில் வந்த பணம். பருத்தி விளைவித்தவர், அதை வாங்கி விற்றவர், அரவை ஆலை வைத்தவர், கடைசியில் நூற்பாலை தொடங்கியவர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே உறவுவட்டம். 1926இல் நிறுவப்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையம் பீளமேட்டு வேளாண் குடும்பத்தின் அறக்கட்டளை. தொழில் முன்னோடி ஜி.டி. நாயுடு 1893இல் பிறந்தது கலங்கல் என்ற சிற்றூரில். இந்தத் தொழில் நகரத்தில் வெளியூர்ப் பெருமூலதனம் எது என்று தேடினால் ஸ்டேன்ஸுக்கு அடுத்தபடி அதிகம் அகப்படாது. முதல் போட்டது தோட்டங்கள்.

பைக்காராவின் கம்பி ஆலைக்கு வந்தது, கிணற்று மேட்டுக்கும் வந்தது. மாடு இறைத்த கிணற்றில் மோட்டார் இறங்கியது. மோட்டாரும் பம்பும் பழுதானால் செப்பனிட ஆள் வேண்டும், செய்துகொடுக்க வார்ப்படப் பட்டறை வேண்டும். 1937இல் இங்கேயே மின் மோட்டார் செய்துவிட்டார்கள். இன்று கோவையை இந்தியாவின் பம்பு நகரம் என்கிறோம். அந்தப் பம்பின் முதல் வாடிக்கையாளர் இந்த ஊர்களின் குடியானவர்கள்தாம். அவர்களுடைய தண்ணீர்ப் பஞ்சமே ஒரு தொழிலுக்குச் சந்தை ஆயிற்று. அந்தப் பம்புகளே பிற்பாடு நிலத்தடி நீரை வற்றவைத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கும் தோட்டங்கள் இன்று அன்னூர்ப் பக்கம் இல்லாமலில்லை.

ஆலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? சுற்றூர்களிலிருந்து நடந்து வந்தது. முதலாளிகளின் பெயரைச் சாலைக்கும் கல்லூரிக்கும் வைத்திருக்கிறோம். தொழிலாளிகளின் பெயரும் சிலவாவது நினைவில் இருக்க வேண்டும். சின்னியம்பாளையத்தின் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு ஆலைத் தொழிலாளர்களும் 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்கம் வேரூன்றிய காலத்து மோதலில் விழுந்த உயிர்கள் அவை. அவிநாசி சாலையில் விமான நிலையத்தைத் தாண்டினால் சின்னியம்பாளையம் வந்துவிடும். போகிற வழியில்தான் இருக்கிறது.

பின்னர் நூற்பு நகரத்திலும் நெசவு வெளியூர்களிலும் என்று பிரிந்துகொண்டது. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். பாவு வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். கூலி உயர்வை ஒப்பந்தமாக எழுதி வாங்கவும், எழுதியதைக் கொடுக்க வைக்கவும் அவர்கள் தறியை நிறுத்திப் போராடுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. நகரத்தில் அது செய்தித்தாளின் உள்பக்கம்.

இனி நகரத்தின் எல்லைக்கோட்டுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ பத்தரை லட்சம் பேர். எல்லைக்கு வெளியே ஒட்டிக் கிடந்த ஊர்களையும் சேர்த்து நகரத் தொகுப்பாகக் கணக்கிட்டால் 21 லட்சத்துக்கு மேல். அதாவது கோவைக்காரர்களில் பாதிப்பேர் சட்டப்படி கோவையில் இல்லை! அதே ஆண்டு எல்லை விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், துடியலூர், வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, சின்னவேடம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி, வீரகேரளம் பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் மாநகராட்சிக்குள் வந்தன. வார்டுகள் 100 ஆயின. விளாங்குறிச்சியில் இன்று டைடல் பூங்கா இருக்கிறது. பெயர்ப் பலகையில் கோயம்புத்தூர் என்றுதான் போட்டிருக்கும்.

கோடு எங்கே விழுகிறது என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஒன்றைப் பெறுகிறார், அந்தப் பக்கம் இருப்பவர் அதைச் சுமக்கிறார். வெள்ளலூரையே எடுத்துக்கொள்வோம். ரோமானியக் காசு கிடைத்த அதே வெள்ளலூர்தான். மாநகரத்தின் குப்பை அங்கே போகிறது. 600 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகம். 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. வெள்ளலூர் 2011 விரிவாக்கத்தில் சேராத பேரூராட்சி. குப்பை போட்ட வீடுகளின் வாக்கு மாநகராட்சியில். புகையைச் சுவாசித்த பல வீடுகளின் வாக்கு அங்கே இல்லை. நொய்யலும் அப்படித்தான். வெள்ளியங்கிரி மலையில் தெளிவாகப் புறப்படும் ஆறு, குளத்துக்குக் குளம் நீர் நிரப்பிக்கொண்டு வந்த ஆறு, நகரத்தைத் தாண்டும்போது சாக்கடையைச் சுமந்துகொண்டு இருகூருக்கும் சூலூருக்கும் போகிறது. அதற்குக் கீழே திருப்பூர்ச் சாயம். அதன் விளைவை ஒரத்துப்பாளையம் அணையின் சுற்றுவட்டார விவசாயிகள் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அந்த வழக்கை நகரவாசி யாரும் தொடுக்கவில்லை என்பது என் கணிப்பு அல்ல, வழக்கின் வரலாறு.

இந்த ஊர்கள் எப்போதும் பாதிக்கப்பட்டுக் கைகட்டி நின்றவை என்றும் எண்ணிவிடாதீர்கள். பவானியின் உபரிநீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலான கோரிக்கை. உண்ணாவிரதம், ஊர்வலம், மனு என்று தலைமுறை மாறியும் விடாமல் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளம் குட்டைகளுக்காக அது திறக்கப்பட்டது. 2022இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும் திட்டம் வந்தபோதும் விவசாயிகள் திரண்டார்கள். விருப்பமில்லாதவர் நிலத்தை எடுக்கமாட்டோம் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. கேட்கத் தெரிந்த ஊர்கள் இவை. கேட்பதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தின் பெயர் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் யாரும் எழுந்து கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். பல ஊர்களில் அது சம்பிரதாயமாக முடிந்துவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்த மறுநாள் அந்தச் சம்பிரதாயமும் இல்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான உரிமையும் போகிறது, ஏனென்றால் அது ஊரகத்துக்கு மட்டும் உரியது. சொத்து வரி ஏறும். பதிலுக்குப் பாதாளச் சாக்கடையும் சிறுவாணித் தண்ணீரும் வரும் என்பார்கள். சிறுவாணி 1920களின் இறுதியிலேயே நகரத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குழாய் கடந்துவரும் ஊர்கள் எத்தனை காலம் காத்திருந்தன என்பதை ஆலாந்துறைப் பக்கத்து முதியவர்களைக் கேளுங்கள்.

2025 தொடக்கத்தில் தமிழகம் முழுவதும் பல ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது மாவட்டம் தோறும் மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து வேண்டாம் என்றார்கள். வளர்ச்சியை வேண்டாம் என்கிறார்களே என்று நகரத்து நண்பர்கள் வியந்தார்கள். அவர்கள் வேண்டாம் என்றது வளர்ச்சியை அல்ல. இணைவதா கூடாதா என்று தங்களைக் கேட்கவே இல்லை என்பதுதான் அவர்கள் குறை. இணைப்பை விரும்பும் ஊர்களும் உண்டு. சைட் போட்டுப் பாதி ஊர் புதுக்குடியாகிவிட்ட இடங்களில் மாநகராட்சி வந்தால் நல்லது என்போரே அதிகம். அவர்களையும் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நகர்ப்புறத்தில் கிராம சபைக்கு ஈடாகப் பகுதி சபை என்று ஒன்றை 2022இல் கொண்டுவந்தார்கள். உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று யாராவது இங்கே கைதூக்கிச் சொல்ல முடியுமா?

ஊர், ஊர் என்று சொல்லிக்கொண்டே போகும்போது ஓர் ஆபத்தும் உண்டு. ஊர் என்பது ஒரே மனத்தோடு வாழும் கூட்டம் போலத் தோன்றிவிடும். கொங்குச் சிற்றூரில் ஊர் தனி, காலனி தனி. 2019 டிசம்பர் 2 விடிகாலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில், தனியார் வீடொன்றின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து ஆதிதிராவிடர் குடியிருப்பின் மீது விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றிக் காலனி மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. நகரத்தின் முன் ஊருக்குக் குரலில்லை என்று முறையிடுகிற நாம், ஊருக்குள் காலனிக்கு எவ்வளவு குரல் விட்டுவைத்தோம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் ஊராட்சி உரிமை பேசுவது அரைப்பேச்சு.

என்ன செய்யலாம்? புதுச்சட்டம் எதுவும் தேவையில்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்குத் திட்டக்குழு அமைக்க வேண்டும், அதன் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1992இலேயே சொல்லிவிட்டது. கோவைக்கு 1994இல் ஒரு முழுமைத் திட்டம். அடுத்ததன் வரைவு வெளிவந்தது 2024இல். இடைப்பட்ட முப்பது ஆண்டில் தோட்டங்கள் சைட்டாக மாறியது யாருடைய திட்டத்தின்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை. குப்பை எங்கே போகும், சாக்கடை எங்கே சுத்தமாகும், எந்தக் குளத்து நீர்வழியில் கட்டடம் வரக்கூடாது என்பதை நகரமும் ஊரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யச் சட்டம் இருக்கிறது. மேசையைத்தான் காணோம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சியில் குடியிருப்பவர்கள் அடுத்து வரும் கிராம சபைக்குப் போங்கள். தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் உங்கள் வார்டின் பகுதி சபை எப்போது கூடும் என்று மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கிடைத்த பதிலை, பதில் வராவிட்டால் வராததையே, உங்கள் கல்லூரி இதழில் அச்சிடுங்கள்.