தணலும் நீலச் சுடரும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலப் பகுதியில் பல வீடுகளின் அடுக்களையில் இன்று இரண்டு அடுப்புகள் உண்டு. மேசைமீது இருப்பது எரிவாயு அடுப்பு. பின்வாசலையொட்டி, கரி படிந்த சுவரின் கீழ் இருப்பது விறகடுப்பு. தேநீருக்கு நீர் கொதிப்பது முன்னதில். கருவாடு சுடவும், கத்தரிக்காய் வாட்டவும், பலாக்கொட்டையை நீற்றில் புதைத்து எடுக்கவும் வீட்டார் பின்னதையே நாடுகின்றனர். காரணம் கேட்டால், "காஸில் சுட்டால் அந்தச் சுவை வராது" என்பர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, பழக்கம் எவ்வளவு, அச்சுவைக்கு விலை கொடுப்பவர் யார் என்பவை ஆராயத்தக்கன.

சுட்ட உணவின்மீது தமிழருக்குள்ள விருப்பம் மிகப் பழையது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி பொருநருக்கு விருந்தாகப் படைக்கப்படுகிறது. அவித்த இறைச்சியும் அவ்விருந்தில் உண்டு. ஆயினும் சூடு தாங்காது வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்டது சுட்ட இறைச்சியையே போலும்.

அவித்தலுக்கும் சுடுதலுக்கும் உள்ள வேறுபாடு நீரில் இருக்கிறது. நீரில் வேகும் பண்டம் ஏறக்குறைய 100 பாகைக்கு மேல் சூடேறாது. நெருப்பின்மேல் வைத்த பண்டத்தின் புறப்பரப்பிலுள்ள ஈரம் வற்றியதும், அதன் சூடு 140 பாகையையும் கடந்து செல்லும். அப்போது புரதக் கூறுகளும் சர்க்கரையும் தம்முள் வினைபட்டுப் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கியவர் லூயி கமீய் மையார் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். இவ்வினை விறகுக்கு மட்டும் உரியதன்று. எரிவாயு அடுப்பிலும் நிகழும். அவ்வாறாயின், பல்லேபொல வீட்டார் கண்ட வேறுபாடு எங்கிருந்து வந்தது?

எரிவாயுவின் நீலச் சுடர் தணலைவிடச் சூடு மிக்கது. எனினும் அது ஒளிராத சுடர். வெப்பத்தைக் கதிராக வீசுவது குறைவு. சூடான வாயுவே எழுந்து பண்டத்தைத் தழுவுகிறது. அவ்வாயுவில் ஈரமும் உண்டு. ஒரு கிலோகிராம் எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நீராவி உண்டாகிறது என்றால் வியப்பாகத் தோன்றும். ஆயினும் அது பாடசாலை இரசாயனக் கணக்கே. தணலோ பெரும்பாலும் கரி. அதிலிருந்து நீராவி மிகக் குறைவாகவே எழும். செந்நிறமாகக் கனலும் கங்கு, வெப்பத்தை வெயில்போல் நேரே வீசும். ஆகையால் கருவாட்டின் தோல் தணலில் விரைந்து மொறுமொறுக்கிறது; சுடரிலோ ஓரம் கருகி நடுப்பகுதி சவசவத்து நிற்கிறது.

மற்றொன்று மணம். விறகு மூன்று படிகளில் எரிகிறது. முதலில் ஈரம் வெளியேறும். பின்னர் மரத்தின் உட்கூறுகள் சிதைந்து வாயுவாகி, சுவாலையாகவும் புகையாகவும் எழும். இறுதியில் கரி மட்டும் நின்று கனலும். புகைச் சுவை என மக்கள் பாராட்டுவது இரண்டாம் படிக்கு உரியது. மரத்தின் லிக்னின் என்னும் கூறு சிதைவதால் பிறக்கும் குவையகோல் முதலிய பொருள்களே அம்மணத்தைத் தருகின்றன. மூன்றாம் படியை அடைந்த தணலில் அவை ஏறத்தாழ இல்லை. அதன்மேல் சுடும்போது எழும் மணத்திற் பெரும்பங்கு, பண்டத்திலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் கங்கில் விழுந்து ஆவியாவதால் வருவது. கொழும்பு நகரக் கடைகளில் விற்கப்படும் எரிவாயுச் சுடுகலன்களில் சுடருக்கு மேல் இரும்புத் தகடோ எரிமலைக் கல்லோ வைத்திருப்பதும் இதற்காகவே. கொழுப்பு அதில் விழுந்து ஆவியாகிறது. விரைவில் வெந்துவிடும் இறைச்சித் துண்டுகளை அதில் சுட்டுக் கொடுத்தால், நாவன்மை பேசுவோரும் ஏமாறக்கூடும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. சுவையின் பெரும்பகுதி தணலில் உள்ளது. தீங்கின் பெரும்பகுதி, சரிவர எரியாத விறகின் புகையில் உள்ளது. இரண்டும் ஒரே அடுப்பில் பிறந்தவையாயினும் பிரிக்க முடியாதவை அல்ல.

அவற்றைப் பிரிக்காமல் விட்டதன் பழி பெண்களின் நெஞ்சில் வந்து சேர்ந்தது. ஈர விறகை ஊதுகுழலால் ஊதி, கண் சிவந்து, இருமிக்கொண்டே சமைத்தவர் தாயார். திண்ணையில் அமர்ந்து விறகுச் சோற்றின் சுவையைப் புகழ்ந்தவர் தந்தையார். ஊதியவர் புகழ்ந்ததாகக் கேள்வி குறைவு. 2020ஆம் ஆண்டில் வீட்டினுள் எழும் புகை முதலிய மாசினால் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 237,000க்கு மேற்பட்டவர். தாயின் இடுப்பில் இருந்த குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசித்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் வீடுகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன என்பதையும் இங்கு நினைவு கூரலாம். இந்நிலையில் மேசைமீது வந்த நீலச் சுடர் பெண்களுக்குக் கிடைத்த விடுதலை. அதைச் சோம்பலின் சின்னமென இகழ்வோர் ஒரு வாரமேனும் அடுப்பூதிப் பார்த்தல் நன்று.

ஆயினும் அந்தச் சுடரும் முழுமையாக நம்பத்தக்கதாய் இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்ததாகச் செய்திகள் வந்தன. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாற்றப்பட்டமையே காரணமெனப் பேசப்பட்டது. ஜனாதிபதி ஒரு குழுவையும் நியமித்தார். வெப்ப நாட்டின் பகல் வேளையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனினதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கலவையில் முன்னது மிகுந்தால், பழைய குழாயும் இறுக்கியும் தாங்க வேண்டிய சுமை கூடும்.

விலையும் அவ்வாறே. 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும், 12.5 கிலோகிராம் சிலிண்டரின் விலை 1,493 ரூபாயிலிருந்து 2,750 ரூபாயாயிற்று. 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாயைத் தொட்டது. விலை கொடுக்க இயன்றோருக்கும் பொருள் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்கள் வீதியோரத்தில் சங்கிலியிட்டு வரிசையாக நின்ற காட்சியை எவரும் மறந்திரார். அக்காலத்தில் நகரத்து மாடி வீட்டார் தீ மூட்ட இடமின்றித் தவித்தனர். பல்லேபொலவில் பழைய அடுப்பை இடிக்காது வைத்திருந்தோர் மிளகுக் கொடிக்குத் தாங்கலாக நட்ட கிளிரிசீடியாக் கிளைகளை வெட்டி உலர்த்திச் சமாளித்தனர். புதுவீடு கட்டி அடுப்புத் திட்டை நீக்கிய இல்லங்களில், முற்றத்தில் மூன்று கல் வைக்க வேண்டியதாயிற்று.

விறகடுப்புச் சமையலோடு நின்றதில்லை. சிங்களக் கிராமத்து இல்லங்களில் அடுப்புக்கு மேலே பரண் ஒன்று இருக்கும். கொறுக்காயும் விதைக்குரிய சோளக் கதிரும் அப்பரணிலே புகையுண்டு பூச்சி அண்டாமல் இருக்கும். எரிவாயு அடுப்பு இவ்வேலையைச் செய்யாது. அதைக் குறையாகக் கூறுவதும் முறையன்று. அது அதற்காக வந்ததன்று.

ஆகவே, அன்றாட அவியலும் பொரியலும் நீலச் சுடரில் நடப்பது தகும். சுடுவதற்கு மட்டும் தணல் இருக்கட்டும். அதற்கு வீட்டினுள் இடம் தேட வேண்டியதில்லை. பின்தாழ்வாரத்தில், காற்று இருபுறமும் வீசும் இடத்தில், ஒரு களிமண் அடுப்புப் போதும். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்டு 'அனகி' எனப் பெயர்பெற்ற இரு பானைக் களிமண் அடுப்பு விறகைச் சிக்கனமாக எரிப்பது. அதில் மிஞ்சும் கங்கும் சுடுவதற்கு உதவும். விறகைவிடச் சிரட்டைக்கரி மேலும் நன்று. அது புகையாது, நெடுநேரம் நின்று கனலும். ஆனால் ஓர் எச்சரிக்கை: புகை தெரியாமையால் கேடில்லை என எண்ணலாகாது. கனலும் கரியிலிருந்து நிறமும் மணமுமற்ற காபனோரொக்சைட்டு எழுகிறது. மழைக்கு அஞ்சிக் கரியடுப்பை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினால், உறக்கமே மரணமாக முடியும்.

பச்சை விறகும், வர்ணம் பூசிய பலகையும், பிசின் மிக்க பைன் துண்டுகளும் சுடுவதற்கு ஆகா. விறகைக் கூரையின் கீழ் சில மாதம் அடுக்கி வைத்து, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும் பதத்தில் எடுக்க வேண்டும். சுவாலை அடங்குமுன் கம்பி வலையை ஏற்றுவது பலர் செய்யும் பிழை. கொழுப்பு சுவாலையில் பற்றி எரிந்தால் பென்சோபைரீன் முதலிய நச்சுப் பொருள்கள் இறைச்சியில் படியும். விறகாயினும் எரிவாயுவாயினும் இதில் வேறுபாடில்லை. கருகிய பகுதியை வெட்டி எறிவதே முறை. கரியின்மேல் வெண்ணீறு மெல்லப் படர்ந்ததும் உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்று எண்ணுமுன் கையை எடுக்க நேர்ந்தால் அது கருவாட்டுக்கு ஏற்ற சூடு; திருப்பிப்போட்டு எடுக்க இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆறேழு எண்ணும்வரை கை பொறுத்தால் கத்தரிக்காயை வைக்கலாம். முழு ஈரப்பலாக்காய்க்கு முக்கால் மணி நேரமேனும் வேண்டும். அதற்குத் தணலை ஓரமாக ஒதுக்கி, காயை அடிக்கடி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.