சுவருக்கு வெளியே போகும் வேலை

(குற்றாலத்தில் நடந்த இளைஞர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்துவிட்டு, அருவிக்குப் போகாமல் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் ஒரு டர்னர். தென்காசி - செங்கோட்டை சாலையில் இரண்டு லேத்தும், பழையதாக வாங்கிய ஒரு சிஎன்சி மெஷினும் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். மரமில்லுக்கு ஷாப்ட், அரிசி ஆலைக்கு புஷ், இதுதான் அன்றாட வேலை. அம்மா பீடி சுற்றினார், அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். லேத் எந்தச் சாதிக்கும் குலத்தொழில் இல்லை, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஐடிஐயில் அந்தப் பிரிவில் மட்டும்தான் இடம் காலியாக இருந்தது.

இந்த அருவி விழுகிற மலைத்தொடர் அப்படியே தெற்கே போகிறது. இங்கிருந்து நெல்லை வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால், அதே மலையடிவாரத்தில் மகேந்திரகிரி. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அங்கேதான் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் இறுக்கிக் கட்டி எரித்துப் பார்க்கிற இடம் அது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கிற திரவ ஹைட்ரஜனைக் கையாளுகிற இடம். 2024 பிப்ரவரி 27 அன்று செமி-கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கான புதிய சோதனைக்கூடத்தையும் அங்கே திறந்தார்கள். அடுத்த நாளே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,233 ஏக்கர், 986 கோடி ரூபாய்.

பெரிய விஞ்ஞானக்கூடம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கூடங்குளமும் தேனி நியூட்ரினோவும்தான். நிலம், நீர், பாதுகாப்பு பற்றிய அந்தக் கேள்விகளை நான் விட்டுவிடவில்லை. ஆனால் இன்னொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கட்டி முடித்த கூடத்தால் யார் வளர்கிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய் வருவோம். சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வளையம், அதில் 15 மீட்டர் நீளமுள்ள காந்தங்கள் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் சுமார் 35 டன். அவற்றைத் தாங்கி, மைக்ரான் கணக்கில் நகர்த்தி நேராக்குகிற ஜாக்குகள் எங்கிருந்து போயின தெரியுமா? இந்தியாவிலிருந்து. ஏறத்தாழ 7,000 ஜாக்குகள். செய்தவர்கள் பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனமும், இந்தூரில் சிறுதொழில் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் இந்தோ - ஜெர்மன் டூல் ரூமும். ஜாக் என்பது என் பட்டறைக்காரன் மொழியில் புரிகிற சாமான். அதைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

செர்ன் 1970-களிலும் 80-களிலும் ஓர் ஆய்வு செய்தது. தனக்கு உயர்நுட்பப் பொருள் செய்து கொடுத்த நிறுவனங்களிடமே போய், இந்த ஒப்பந்தத்தால் உங்களுக்குப் பிற்பாடு என்ன கிடைத்தது என்று கேட்டது. ஒரு பிராங்க் ஒப்பந்தத்துக்குச் சுமார் மூன்று பிராங்க் அளவுக்குப் பயன் வந்ததாகக் கணக்கு வந்தது. புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள், தரம் கூடியது, செலவு குறைந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கஷ்டமான டிராயிங் ஒன்றை முடித்துக் கொடுத்த பையன் மறுநாள் லேத்தில் நிற்கிற தோரணையே வேறு. "அவங்களுக்கே செஞ்சு குடுத்திருக்கோம்" என்ற ஒரு வரி, அடுத்த பத்து கம்பெனியின் கதவைத் திறக்கும்.

அதனால் எல்லாம் முதல் ஆர்டரில் இருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஆலையில் சப்ளையராகப் பதிவு செய்யப் போனேன். அவர்கள் காட்டிய பாகத்தை இருபது மைக்ரானுக்குள் செய்து கொண்டுபோனேன். அளந்து பார்த்த பொறியாளர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்கள்: மூன்று வருட டர்ன்ஓவர் எவ்வளவு? இதேபோல் முன்னால் யாருக்குச் செய்தீர்கள்? அங்கீகரித்த லேப் சான்றிதழ் எங்கே? கடைசியாக, சும்மா பேச்சுவாக்கில், "ஊர்ல எந்தப் பக்கம்?" நான் சொன்னேன். பிறகு கூப்பிடவில்லை.

கடைசிக் கேள்விக்காகத்தான் கூப்பிடவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கத் தேவையும் இல்லை, முதல் மூன்று கேள்விகளே போதும். டர்ன்ஓவருக்குக் கடன் வேண்டும், கடனுக்கு ஜாமீன் வேண்டும். எங்கள் காலனி வீட்டுப் பட்டாவை நான் போன வங்கி ஜாமீனாக ஏற்கவில்லை. முன் அனுபவத்துக்குத் தெரிந்த மாமா வேண்டும், மச்சான் வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை அடுத்த ஆண்டே பெரியார் இயக்கம் விரட்டியது. அப்பன் தொழில்தான் மகனுக்கு என்று இன்று யாரும் சட்டம் போடுவதில்லை. அப்பனிடம் இருந்த நிலமும் அறிமுகமும் மகனுக்கு டெண்டர் தகுதியாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனத்தின் ராமன்-2 எஞ்சினை 2023 ஜூலையில் மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்தார்கள். நல்ல விஷயம், மக்கள் பணத்தில் கட்டிய கூடம் ஒரு சின்ன நிறுவனத்துக்குப் பயன்பட்டது. அதைத் தொடங்கிய இருவரும் ஐஐடியில் படித்து இஸ்ரோவில் வேலை பார்த்தவர்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். 2020-க்குப் பிறகு அதற்காகவே இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. ஆலங்குளத்திலும் சங்கரன்கோவிலிலும் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு "தென்காசியில இதெல்லாம் நடக்குமா" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் கணினி வேறு, இரும்பு வேறு. இரும்புக்கு அளவுக்கருவி வேண்டும்.

இன்னொன்று. அரசு ஆய்வகத்துக்குள் இட ஒதுக்கீடு உண்டு. ஆராய்ச்சிப் பதவிகளில் குரூப் ஏ-யின் கீழ்ப்படிக்கு மேலே அதற்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை. 2019-இல் நியூஸ்பேஸ் இந்தியா, 2020-இல் இன்-ஸ்பேஸ், 2023-இல் விண்வெளிக் கொள்கை என்று வேலை மெல்ல மெல்லத் தனியாருக்குப் போகிறது. வேலை சுவரைத் தாண்டுகிறது, இட ஒதுக்கீடு சுவருக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

சுவருக்கு வெளியே நமக்கு இருப்பது ஒரே ஒரு எண்: 4. ஒன்றிய அரசுத் துறைகள் வாங்குவதில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 4 விழுக்காடு எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரிடம். 2012-இல் வந்த ஆணை, 2015 முதல் கட்டாயம். ஆணையை முழுதாகப் படியுங்கள். எஸ்சி, எஸ்டி நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது தகுதியும் விலையும் ஒத்துவராவிட்டால், அந்த 4-ஐ மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக் கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. கதவை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சந்தும் வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கை எட்ட உதவத்தான் 2016-இல் தேசிய எஸ்சி - எஸ்டி ஹப் என்று ஒன்று தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டு அரசு பணப்பக்கத்தில் செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. 2025-இல் விண்வெளித் தொழில் கொள்கையும் வந்தது, ஐந்தாண்டில் 10,000 கோடி முதலீடு என்கிறார்கள். மானியத்தில் மெஷின் வாங்கிவிடலாம். செய்த பாகம் சரியானது என்று யார் சொல்வது? ஹீலியம் கசிவுச் சோதனை, எக்ஸ்ரே, அதிர்வுச் சோதனை, இந்தக் கருவிகளை என் போன்றவன் ஏழு ஜென்மத்திலும் வாங்க முடியாது. (ஜென்மத்தில் நம்பிக்கை இல்லை, பேச்சுக்குச் சொன்னேன்.) கோவை பம்ப் இன்று இந்தியா முழுக்கப் போகிறது என்றால், சிடார்க் போன்ற பொதுச் சோதனைக்கூடம் அந்த ஊரிலேயே இருப்பதும் ஒரு காரணம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்கு அப்படி ஒன்று வேண்டும், அல்லது மகேந்திரகிரி போன்ற வளாகங்களின் அளவுக்கருவிகள் மாதத்தில் இரண்டு நாளாவது முதல் முறை வருகிறவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் கிடைக்க வேண்டும். கூடவே, ஆபத்தில்லாத சாதாரணப் பாகங்களில் ஒரு பங்கை முன் அனுபவம் கேட்காமல் தர வேண்டும். எஞ்சினையே கொடு என்று நான் கேட்கவில்லை. அதைத் தாங்குகிற ஸ்டாண்டின் போல்ட்டைக் கொடுங்கள், அளந்து பாருங்கள், சரியில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். சரியாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதம்தான் எனக்கு வேண்டும்.

ஒரு தகவல் உரிமை மனு தயார் செய்திருக்கிறோம். மூன்று கேள்விகள். கடந்த ஐந்து ஆண்டில் வளாகத்தின் சோதனை வசதிகளைப் பயன்படுத்திய வெளி நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் தென்மாவட்டத்தவை எத்தனை? எஸ்சி, எஸ்டி நிறுவனங்களிடம் வாங்கியது எவ்வளவு, அந்த 4-இல் 'மற்றவர்களுக்கு' மாறியது எவ்வளவு? முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்திய டெண்டர்கள் எத்தனை? கட்டணம் பத்து ரூபாய், அதை நான் போட்டுக்கொள்கிறேன். வரைவு வாசல் மேசையில் இருக்கிறது. வணிகவியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், அருவிக்குப் போகும் முன் இரண்டாவது கேள்வியின் வாசகத்தை மட்டும் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.