பல் முளைத்த பிள்ளையும் தாய்ப்பாலும்

பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் முலைக்காம்பு நோவது தாய்மார் பலர் அறிந்ததே. பாலூட்டும் முறை கைவந்ததும் அந்நோவு நீங்கிவிடுகின்றது. ஆனால், எட்டாம் மாதத்திலோ பத்தாம் மாதத்திலோ அது மீண்டும் தோன்றுமாயின் தாய் திகைத்துப்போகின்றாள். "பல் முளைத்துவிட்டதல்லவா? வேப்பெண்ணெயைப் பூசிப் பால்குடியை மறக்கச் செய்" என்பர் வீட்டிலுள்ள மூத்தோர். அன்பினால் எழும் அறிவுரைதான், எனினும் அவசரமானது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே, பின்னர் ஏனைய உணவுகளுடன் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே, பாலை நிறுத்துமுன் நோவின் காரணத்தை அறிதல் வேண்டும்.

முதற் பழி பற்களின் மேல் விழுகின்றது. ஆயினும், பிள்ளை வாய் நிறையப் பற்றி உறிஞ்சும்போது அதன் நாக்கு கீழ்ப்பற்களை மூடி நிற்கும். அந்நிலையில் கடிப்பது அரிது. பசி தீர்ந்தபின் விளையாட்டாகவோ, ஈறு தினவெடுக்கும்போதோதான் பெரும்பாலும் கடிக்கின்றது. எனவே, பிள்ளை விழுங்குவது குறைந்து விளையாடத் தொடங்கியதும் தாய் தன் சிறுவிரலை அதன் வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவிக்கலாம். வெடுக்கென இழுத்தால் காம்பு புண்படும். பாலூட்டுமுன் குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியைக் கடிக்கக் கொடுப்பதும் நன்று.

வளர்ந்த பிள்ளை ஓசை கேட்ட பக்கமெல்லாம் காம்பை விடாமலே தலையைத் திருப்பும். அதற்கு அமைதியான அறையே மருந்து. உண்ட உணவின் மிச்சம் வாயிலிருந்து காம்பை உறுத்துவதும் உண்டு. பாலூட்டுமுன் சிறிது நீர் பருகக் கொடுத்தால் போதும். நோவு குறைந்த பக்கத்தில் முதலில் ஊட்டுதல், ஊட்டியபின் சிறிது பாலையே காம்பில் தடவி உலரவிடுதல், சவர்க்காரத்தைத் தவிர்த்தல் ஆகியன ஆறுதல் தரும்.

மாதவிலக்கு மீளும்போதும், மீண்டும் கருவுற்றபோதும் காம்பு நோவதுண்டு. பாலூட்டிய பின்னரும் எரிவு நீடித்து, பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெண்படலம் காணப்படின் அது பூஞ்சணத் தொற்றாகலாம். அப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் ஒருங்கே சிகிச்சை வேண்டும். மார்பு சிவந்து கட்டியாகிக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரை நாடுதல் அவசியம். அந்நிலையில் பாலைத் திடீரென நிறுத்தினால், பால் கட்டி நோவு மேலும் பெருகும். ஊட்ட இயலாத வேளையில் கையாற் பீய்ச்சி எடுத்தல் தகும்.

பால்குடியை நிறுத்த விரும்பும் தாய், ஒவ்வொரு வேளையாகக் குறைத்து மெல்ல நிறுத்தலாம். அது அவளுடைய முடிவாக இருத்தல் வேண்டும். நோவு அவள்மேற் சுமத்திய முடிவாகலாகாது. கூச்சத்தால் வாய்திறவாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதிலும், ஊரின் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்வதே மேல்.