முன்சுமையும் பின்சுமையும்

(ஆட்டையாம்பட்டியில் ஆற்றிய உரை)



மாட்டுவண்டி பூட்டியறிந்த முதியோர் இவ்வவையில் பலர் உளர். மூட்டை அடுக்குங்கால் வண்டிக்காரன் முதற்கண் நோக்கியது, சுமை அச்சுக்கு முன்னே சாய்கின்றதா பின்னே சாய்கின்றதா என்பதையே. முன்னே சாயின், நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே சாயின், நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்னதை முன்பாரம் என்றும் பின்னதை பின்பாரம் என்றும் உழவர் வழங்கினர். முன்சுமை, பின்சுமை என்க. ஏட்டுக்கல்வி இல்லாத உழவனும் இவ்விரு சொற்களைக் கொண்டே ஓர் இயற்பியல் உண்மையை நாள்தோறும் கையாண்டான்.

அவ்வுண்மைதான் இன்று ஐம்பது டன் சுமந்தோடும் இழுவண்டிக்கும் உயிர்நிலையாக நிற்கின்றது. ஆட்டையாம்பட்டி, கைமுறுக்கால் பெயர்பெற்ற ஊர். அதனைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் நிலப்பரப்போ லாரி என வழங்கும் சரக்குந்தின் தாய்நிலம். சரக்குந்துக்கு உடல் கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ‘ரிக்’ வண்டிகளில் திருச்செங்கோடும், சரக்குப் போக்குவரத்தில் சங்ககிரியும் தமிழகத்துக்கு அப்பாலும் அறியப்பட்டவை. சமையல் வளி ஏற்றிச் செல்லும் உருளைவண்டிகளிற் பெருந்தொகையும் நாமக்கல்லாருடையன. ஆகலான், இழுவண்டியின் உயரத்தை மட்டப்படுத்தும் கலை இவ்வட்டாரத்து இளைஞர் பல்லாயிரவரின் கைத்தொழில். பலருடைய உயிரும் அதனில் அடங்கியுள்ளது.

டிரெய்லர் என வழங்கும் இழுவண்டியின் முன்பகுதி, இழுவையுந்தின் இணைதட்டின்மேல் அமர்கின்றது. பின்பகுதி இரண்டு அல்லது மூன்று அச்சுகளின்மேல் அமர்கின்றது. அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே நின்று சுமையைத் தாங்குவது தாங்கமைப்பு. அது மூவகைப்படும்: வில்பட்டை, காற்றுப்பை, எண்ணெயழுத்தத் தூண். வகை எதுவாயினும், சுமையேற்றிய வண்டியின் தளம் முன்பின் சாயாது மட்டமாக நிற்றல் வேண்டும்.

மட்டம் பிறழின் விளைவது யாது? இணைதட்டுத் தாழ்ந்திருப்பின் இழுவண்டியின் மூக்குத் தாழும். மூன்றச்சுத் தொகுதியில் முன்னச்சு மிகையாக அழுந்தும். இணைதட்டு உயர்ந்திருப்பின் பின்னச்சு அழுந்தும். வில்பட்டைத் தொகுதியில் அச்சுகளுக்கிடையே உள்ள நிகர்கோல், மேடுபள்ளங்களில் சுமையைப் பகிர்ந்தளிக்கும் என்பது மெய்யே. ஆயினும் அதன் ஆட்டத்துக்கு எல்லை உண்டு. அவ்வெல்லையில் அது முட்டி நின்றபின் பகிர்வும் நின்றுவிடும்.

2018 சூலைத் திங்களில் நடுவணரசு அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியபோது, மூன்றச்சுத் தொகுதிக்கு 24 டன்னாக இருந்த வரம்பு 27 டன் ஆயிற்று. அச்சு ஒன்றுக்கு 9 டன் என்பது கணக்கு. மட்டம் பிறழ்ந்த வண்டியில் அதே 27 டன் 11, 9, 7 எனப் பிரிந்து நிற்பதாகக் கொள்க. எடைமேடையிற் காட்டும் மொத்த எடை மாறாது. சட்டத்தின் கண்ணுக்கும் குற்றம் தோன்றாது. ஆனால் 11 டன் சுமக்கும் அச்சின் உருளியுறை, டயர் என வழங்குவது, சூடேறி வெடிக்கும். அவ்வச்சின் வில்பட்டை முறியும்.

சாலைக்கும் அது கேடு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெருஞ்சாலை ஆய்வு, அச்சுச்சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலையின் தேய்வு மிகும் என்று காட்டியது. அவ்வளவையாற் கணக்கிடின், 9, 9, 9 என நிற்கும் வண்டியைவிட 11, 9, 7 என நிற்கும் வண்டி சாலைக்கு ஐந்திலொரு பங்கு மிகுதியான கேடு விளைவிக்கும். ஏற்றிய சரக்கு ஒன்றே. மட்டம் ஒன்றே வேறு. மயிலிறகே ஆயினும் மிகையாக ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதலில் வைத்தார். மிகை என்பது மொத்தத்தில் மட்டுமன்று, ஓரச்சின் பங்கிலும் நேரும் என்பதை இழுவண்டி கற்பிக்கின்றது.

இனி, மட்டப்படுத்தும் முறையைக் காண்போர் காண்க. வில்பட்டை வண்டியில், அச்சுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் இருக்கைக் கட்டையின் கனத்தாலும், பட்டை அச்சுக்கு மேலே அமைகின்றதா கீழே அமைகின்றதா என்பதாலும் உயரம் அமைகின்றது. ஒரு பக்கம் தாழ்ந்தது கண்டு அப்பக்கத்தில் மட்டும் ஒரு பட்டை கூட்டிச் செருகுவது அறியாமை. பட்டை கூடினாற் பக்கத்தின் விறைப்பும் கூடும்; வெறுவண்டியாக நிற்கையில் நேராகத் தோன்றுவது, சுமையேற்றியபின் மறுபக்கம் சாயும். தாழ்ந்ததன் கரணியம் முறிந்த பட்டையா, தேய்ந்த ஆணியா, காற்றிழந்த உருளியா என்று தேர்ந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

காற்றுப்பை வண்டியில், சுமை ஏறினும் இறங்கினும் உயரம் மாறாதபடி காற்றை ஏற்றியிறக்குவது மட்டவால்வு. அச்சின் நடுவுக்கும் அடிச்சட்டத்தின் கீழ்முகத்துக்கும் இடையுள்ள தொலைவை ஓட்டவுயரம் என்க. ஆக்கியோர் குறித்த ஓட்டவுயரத்துக்கு மட்டவால்வின் கோலைத் திருத்துதலே வேலை. அதனை மட்டமான தரையில், உருளிகளிற் காற்றளவு சரியாக நிற்க, உரிய இழுவையுந்தோடு இணைத்த நிலையிற் செய்தல் வேண்டும். உயரம் மிகின் பை அளவிறந்து விரிந்து அதிர்வுதாங்கியை இழுக்கும். குறையின் அச்சு அடிச்சட்டத்தில் மோதும்.

மின்மாற்றி, பெருங்கலன் ஆகியவற்றைச் சுமக்கும் பல்லச்சு வண்டியில் எண்ணெயழுத்தத் தூண்களே தாங்குவன. ஒரு தொகுதித் தூண்களெல்லாம் குழாயால் இணைந்திருத்தலின், அவற்றில் எண்ணெயழுத்தம் ஒன்றே. ஆகவே சுமையும் ஒப்பப் பிரியும். பெரும்பாலும் மூன்று தொகுதிகளாகப் பிரித்து, முக்காலிபோல் நிறுத்துவர். சுமையின் நிறைநடுவம் அம்முக்கோணத்துள் நிற்குமளவும் வண்டி கவிழாது. முக்கோணத்தின் அடிப்பக்கம் 1.8 மீட்டர் எனின், அதன் நீளத்தின் நடுவில் ஒருபுறத்து அகலம் 0.45 மீட்டரே. நிறைநடுவம் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்க, தளம் 5 பாகை சாயின், நடுவம் 0.26 மீட்டர் விலகும். ஐந்தே பாகையிற் பாதிக்கு மேற்பட்ட காப்புப் போயிற்று! சாலை ஒருபுறம் சரியுமிடத்து அப்புறத்துத் தூண்களை உயர்த்தித் தளத்தை நிமிர்த்துவது இதன்பொருட்டே.

தாழ்த்துதற்கும் வேளை உண்டு. மின்பாதை அமைந்த தொடர்வண்டிக் கடவுகளின் முன் 4.67 மீட்டர் உயரத்தில் அளவுக்கம்பம் நிற்கும். 3.6 மீட்டர் உயர மின்மாற்றி 1.15 மீட்டர் உயரத் தளத்தில் இருப்பின் மொத்தம் 4.75 மீட்டர், கம்பம் தடுக்கும். தளத்தை 0.2 மீட்டர் தாழ்த்தின் 4.55 மீட்டர், வண்டி கடந்துவிடும். கடந்தபின் மீண்டும் உயர்த்தாதொழியின், அடுத்த மேட்டில் அடிவயிறு தட்டும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்று. காற்றையோ எண்ணெயையோ நம்பி எவனும் வண்டியின் அடியிற் புகலாகாது. குழாய் வெடித்தால், அல்லது மேலே ஒருவன் அறியாமல் நெம்புகோலைத் தொட்டால், பல டன் இரும்பு ஒரு நொடியில் இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. உருளிக்கு முட்டுக்கொடுத்து, அடிச்சட்டத்தின்கீழ் எஃகுத் தாங்குகால் நிறுத்திய பின்னரே உள்ளே செல்லல் வேண்டும்.

அவையீர்! இவ்வெச்சரிக்கை ஆக்கியோரின் கையேட்டில் உள்ளது, ஆங்கிலத்தில் உள்ளது. அடியிற் புகுபவனோ ஆங்கிலம் அறியாத தமிழ் இளைஞன். அறிவு ஒரு மொழியிலும் உயிர் வேறொரு மொழியிலும் நிற்கும் இந்நிலை, பெருமைபற்றிய வழக்கு மட்டுமன்று. மாந்த உயிர்பற்றிய வழக்கு.

தமிழிற் சொல் இல்லை என்பார்க்குப் பட்டறையே விடை கூறும். அச்சு, பட்டை, குடம், ஆணி, முட்டு, மட்டம் என்பன அங்கே இன்றும் வழங்குவன. வண்டி கட்டிய தச்சரும் கொல்லரும் விட்டுச்சென்ற சொற்கள் அவை. முன்சுமை என்று சொன்னால் மூக்குத் தாழ்ந்த இழுவண்டியின் நோய் முழுவதும் விளங்கும். பின்சுமை என்றால் மறுநோய் விளங்கும். எஞ்சியவற்றுக்குப் பொருள் விளங்கும் சொற்களை ஆக்கிக்கொள்வது அரிதன்று.

ஆதலின், இந்நிலப்பரப்பிற் பட்டறை நடத்துவோர் இரண்டு செய்க. ஒவ்வோர் இழுவண்டியின் அடிச்சட்டத்திலும் அதன் ஓட்டவுயரத்தைத் தமிழெழுத்திற் பொறித்து வைக்க. ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும், ‘தாங்குகால் நிறுத்தாமல் அடியிற் புகாதே’ என்று கையளவு எழுத்தில் எழுதி வைக்க. இதற்கு ஆகும் செலவு ஒரு குவளை வண்ணம். காப்பதோ ஒரு தாயின் மகனை.

வாழ்க தமிழ்! வாழ்க உழைப்பாளர்!